பிடிலுக்குப் பின்னால் உட்காருவது

ஏழாம் கட்டைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் சேதுவைப் பற்றி இரண்டே அபிப்பிராயங்கள்தான் உண்டு. நல்ல மனுஷன் என்பது ஒன்று. வாயை மூட மாட்டான் என்பது இன்னொன்று. அவன் பாஞ்சோ வாசிப்பதையும் இந்த இரண்டாவதோடுதான் சேர்த்துப் பேசுவார்கள்.

பாஞ்சோ என்றதும் தோளில் மாட்டிக்கொள்கிற வெள்ளைக்காரன் வாத்தியத்தை நினைத்துவிட வேண்டாம். இது ஒரு நீளப் பெட்டி. மேலே கம்பிகள் ஓடும். ஒரு பக்கம் தட்டச்சு யந்திரத்தில் இருப்பதுபோல் வரிசையாகப் பொத்தான்கள். இடக்கை பொத்தானை அழுத்த, வலக்கை ஒரு சின்னத் தகட்டால் கம்பியை அடிக்கும். தோட்டத்தில் கல்யாணமோ கோயில் திருவிழாவோ, எதுவானாலும் இருபது வருஷமாக அந்தக் கிணுகிணுப்பு சேதுவுடையதுதான்.

பகலில் அவன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். இருட்டோடு வண்டியை எடுத்தால் காட்டுக்கும் ஆலைக்குமாக ஆறு நடை. மாலையில் வீட்டுப் படியில் வந்து உட்காரும்போது பார்த்தால் பாவமாக இருக்கும். சோற்றை மெல்லக்கூடத் தெம்பில்லாமல் விழுங்குவான். ஆனால் பாஞ்சோவை மடியில் வைத்துவிட்டால் போதும், அந்தக் களைப்பெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில் சேது நாலு சுரம் போடுவான். பாடிக்கொண்டிருக்கும்போதும் போடுவான். பாட்டு முடிந்த பிறகும், போகிறேன் போகிறேன் என்று சொல்லி வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி இன்னும் கொஞ்சம் வாசித்துவிட்டுத்தான் நிறுத்துவான்.

இப்படிப்பட்டவனுக்கு எண்பத்தாறாம் வருஷம் ஒரு சோதனை வந்தது. அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

தோட்டத்துக் கோலாட்டக் குழுவுக்குப் பிடில் வாசித்துக்கொண்டிருந்த காளியண்ணன், மகனோடு இருக்க ராவாங்குக்குக் குடிபோய்விட்டார். கோலாட்ட மெட்டுகள் எல்லாம் பிடிலுக்கென்றே இழைத்தவை. கோலா குபு பாருவில் கோலாட்டப் போட்டி வேறு அறிவித்திருந்தார்கள். இரண்டே மாதம் இருந்தது. குழுவின் தலைவி நவமணி, ராவாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவள், கிடைத்த நேரத்தில் மெட்டை வாயால் முனகிக்கொண்டு துணி துவைத்தாள். பக்கத்துக் குழாயடியில் நின்ற சேதுவின் மனைவி அம்சவள்ளி, "அங்க அப்படி இல்ல நவமணி, ஒரு சுத்து கீழ எறங்கி ஏறணும்" என்று சொல்லி, சரியாகப் பாடியும் காட்டிவிட்டாள்.

சொன்ன வாயை அவளே அடைத்திருக்கலாம். நவமணி விடுவாளா? காளியண்ணன் இடத்துக்கு அவளையே பிடித்துப் போட்டாள்.

விஷயம் இதுதான். அம்சவள்ளியின் அப்பா தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டத்தில் கூத்துக்குப் பிடில் வாசித்தவர். மகளும் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி வந்தபோது அவளோடு ஒரு பீரோ, ஒரு தையல் மிஷின், ஒரு பிடில் வந்தன. முதல் இரண்டும் பயன்பட்டன. மூன்றாவது பத்தொன்பது வருஷமாகப் பெட்டிக்குள் கிடந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் ஒருவர் வாசித்துக்கொண்டே இருந்தால் இன்னொருவர் எப்போதுதான் வாசிப்பது?

முதல் ஒத்திகை கோயில் மண்டபத்தில் நடந்தது. எட்டுப் பெண்கள் கோல்களோடு வட்டமாக நின்றார்கள். பாதிப் பேர் வெட்டுக்காட்டு வேலையிலிருந்து குளித்தும் குளிக்காமலும் வந்தவர்கள். மீதிப் பேர் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து நேராக இறங்கியவர்கள். அம்சவள்ளி கண்ணை மூடிக்கொண்டு வில்லை இழுத்தாள். முதல் இழுப்பிலேயே மண்டபம் அடங்கியது. துருப்பிடித்துப் போயிருப்பாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

பிடிலோடு பாஞ்சோவும் இருக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேது, இரண்டாவது வரியில் உள்ளே புகுந்தான். அவள் வாசித்த மெட்டையே அவனும் வாசித்தான், அவளைவிடச் சத்தமாக. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த மெட்டில் ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் பிடில் ஒரே சுரத்தை நீட்டி நிற்கும். அந்த நீட்டலில்தான் பெண்கள் திரும்பி அடுத்த ஜோடிக்கு மாறுவார்கள். நீட்டல் காலியாகக் கிடப்பதாகச் சேதுவுக்குத் தோன்றியது. அங்கே எட்டுச் சுரத்தைக் கொட்டினான். அடுத்த வரி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து நாலு பேர் முன்கூட்டியே கோலை வீச, நாலு பேர் இன்னும் திரும்பிக்கொண்டிருக்க, ஒரு கோல் நவமணியின் மணிக்கட்டில் வந்து விழுந்தது.

"அண்ணே! லோரியைத்தான் ஓவர்டேக் பண்ணுவீங்கன்னு நெனச்சேன், பொண்டாட்டியையுமா?"

"நான் என்னா பண்ணேன்? சும்மா நிரப்புனேன்!"

"நிரப்ப அதென்னா தண்ணித் தொட்டியா லா?"

மண்டபமே சிரித்தது. அம்சவள்ளி மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வீட்டுக்கு வந்து, அவனுக்குத் தட்டு வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "இந்தப் போட்டி வரைக்கும் வாசிக்கிறேன். இதுலயும் என் சத்தம் வெளிய கேக்கலைன்னா அப்புறம் அதைத் தொட மாட்டேன். நீங்களும் என்னைக் கேக்காதீங்க."

லயத்துச் சுவர் எவ்வளவு தடிமன் என்பது தெரிந்ததுதானே. மறுநாள் காலைக்குள் அந்த வாக்கியம் கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்னொருவருக்குப் பின்னால் அடங்கி வாசிப்பது எப்படி என்று தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். கோலசிலாங்கூர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சேக் பரீது. முஸ்லிம் கல்யாணங்களில் பாடகர்களுக்குப் பின்னால் பாஞ்சோ வாசிக்கிறவர். அவர் வாசித்தால் பாடகரைத்தான் எல்லாரும் பாராட்டுவார்கள். அதனாலேயே சேதுவுக்கு அவர்மேல் இத்தனை வருஷமாக ஒரு அலட்சியம். அந்த அலட்சியத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினான்.

கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. சேக் பரீது விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் பாஞ்சோவை மேசைமேல் வைத்தார்.

"மொதல்ல எடது கையை எடு."

"எடுத்தா எப்படி பாய் வாசிக்கிறது?"

"அதான் பாடமே. மெட்டு அவங்களோடது. அந்தப் பொத்தானெல்லாம் ஒனக்கு இல்லன்னு நெனச்சுக்க. சுருதிக் கம்பி மட்டும் அடி. அதுவும் கோல் தட்டுற எடத்துல இல்ல. ரெண்டு தட்டுக்கு நடுவுல. அடிச்ச ஒடனே உள்ளங்கை ஓரத்தால அமுக்கிப்புடு. ‘ட்டக்’னு நிக்கணும். கிணுகிணுன்னு இழுத்துக்கிட்டுக் கெடக்கக் கூடாது."

அடித்துக் காட்டினார். ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. ஆனால் பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவளின் கை அந்தக் கணக்குக்கு வந்துவிட்டதைச் சேது கவனித்தான்.

"ரெண்டாவது, அவங்க மேல போனா நீ கீழ் சுருதிக் கம்பிக்கு எறங்கு. அவங்க கீழ வந்தா மேல் கம்பிக்கு ஏறிக்க. ஒரே நாற்காலியில ரெண்டு பேர் உக்காராதீங்க. மூணாவது, அவங்க நீட்டுற எடத்துல நீ போகவே போகாத."

"காலியா இருக்கே பாய்."

"காலியா?" சேக் பரீது ஒரு கிளாஸை எடுத்து வைத்தார். "டீ குடிக்கிறவன் வாயில கிளாஸ் இருக்கப்ப ‘இன்னொண்ணு போடவா’ன்னு கேப்பியா? குடிச்சிட்டுக் கீழ வெக்கட்டும். வெச்ச பொறவு ரெண்டே ரெண்டு அடி. அதுக்கு மேல அடிச்சா அடுத்த மேசைக்குப் போயிடுவான்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜெய்புன்னிசா, தலைநிமிராமல் சொன்னாள்: "கையில இருக்குற அடக்கம் இவருக்கு வாயில இல்ல. அந்த வாயையும் சொல்லிக் குடுத்துட வேணாம்னு சொல்லுங்க."

சேது மூன்றையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டான். பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். மூன்றும் மண்டையில் ஏறிவிட்டன. கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இரண்டு வாரம் அவன் பட்ட பாட்டைப் பார்க்க மண்டபத்து ஜன்னலில் கூட்டம் கூடியது. முதல் வரியில் ‘ட்டக், ட்டக்’ என்று யோக்கியமாக இருப்பான். இரண்டாவது வரியில் இடக்கை மெல்ல நகர்ந்து வந்து பொத்தான்மேல் உட்காரும். மூன்றாவதில் ஒரே ஒரு சுரம். அப்புறம் நவமணி கோலைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொள்வாள். "அண்ணே, கைய வேணா கட்டிப் போட்ருவோமா? ஆபீஸ் கிராணி வீட்டு நாயைக் கட்டுற சங்கிலி ஒண்ணு இருக்கு." அம்சவள்ளி வில்லுக்குப் பிசின் தேய்ப்பாள். நாளுக்கு நாள் பிசின் தேய்க்கிற நேரம்தான் கூடிக்கொண்டு போயிற்று.

இந்த லட்சணத்தில் காட்டில் குலை அதிகமான பருவம் வந்தது. இன்னொரு லோரிக்காரன் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். அவன் நடையும் சேது தலையில் விழுந்தது. ஆறு நடை பத்தாயிற்று. ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்தால் பின்வண்டிக்காரன் ஹாரன் அடித்துத்தான் எழுப்ப வேண்டும். முதுகும் தோளும் அவனுடையவை இல்லை, யாரிடமோ இரவல் வாங்கியவை போலக் கனத்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் ஒத்திகைக்கு வந்தான் என்று சொல்வதைவிட, அவன் கால்கள் பழக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தன என்று சொல்ல வேண்டும். மடியில் பாஞ்சோ. இடக்கை பெட்டிமேல் செத்துக் கிடந்தது. வலக்கை தூக்கினால் விழுந்தது. அவ்வளவுதான் அதனால் முடிந்தது. கோல் தட்டும் சத்தம் காதில் விழுந்து, அது மண்டைக்குப் போய்ச் சேர்ந்து, கை இறங்குவதற்குள் சரியாகப் பாதி அடி தாமதமாகிவிடும். ‘ட்டக்.’ அடித்த கையை எடுக்கத் தெம்பில்லாததால் அது கம்பிமேலேயே கிடந்து சத்தத்தை அமுக்கிவிடும். பிடில் நீட்டுகிற இடம் வந்தால், அப்பாடா என்று கண்ணை மூடிக்கொள்வான்.

எட்டுப் பெண்களும் ஒரு கோல் பிசகாமல் ஆறு சுற்று முடித்தார்கள்.

பிறகு நவமணி, "அண்ணே, அந்த பாய் என்னா மந்திரம் போட்டாரு?" என்றாள். ஜன்னலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அம்சவள்ளி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்தது இல்லை என்று லயத்தில் சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் பத்தொன்பது வருஷமும் கூடவே இருந்து பார்த்தவர்கள் இல்லை, அது வேறு விஷயம்.

சேதுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன வாசித்தோம் என்பதே ஞாபகமில்லை. ஆனால் பாராட்டை வேண்டாம் என்று சொல்லுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. "ரொம்ப நுணுக்கமான வித்தை. பிடிபட நாளாகும்," என்றான்.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. தினம் பத்து நடை, வாரம் மூன்று ஒத்திகை, ஒரு பிசகு கிடையாது. சேது திருந்திவிட்டான் என்று தோட்டம் முடிவு கட்டியது. வீட்டில்கூட அம்சவள்ளி வேலை செய்துகொண்டே மெட்டை முனக ஆரம்பித்திருந்தாள்.

இங்கேதான் ஏழாம் கட்டைக்காரர்கள் தங்கள் நல்ல மனசைக் காட்டினார்கள். ஆள் இப்படிக் கருகிப்போய் வாசிக்கும்போதே இவ்வளவு பிரமாதம் என்றால், நன்றாகத் தூங்கித் தெம்பாக வாசித்தால் எப்படி இருக்கும்? நவமணி கோலாட்டக் குழு முழுவதையும் கூட்டிக்கொண்டு, வேலைக் கணக்கும் லீவும் பார்க்கும் கிராணி சுப்பிரமணியம் வீட்டு வாசலில் போய் நின்றாள். எட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசினால் எந்தக் கிராணிதான் என்ன செய்வார்? போட்டிக்கு முந்தைய வெள்ளி, சனி இரண்டு நாளும் சேதுவுக்கு லீவு கிடைத்தது. லோரிக்கு மாற்று ஆளாக ராஜு போனான்.

அப்புறம் நடந்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. ஒரு வீட்டிலிருந்து நாட்டுக்கோழிக் குழம்பு வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து நல்லெண்ணெய். சனிக்கிழமை மத்தியானம் அவன் தூங்குகையில் அந்த வரிசையில் யாரும் ரேடியோ போடவில்லை. கோழி விரட்டுவதென்றால்கூட ஜாடையால்தான் விரட்டினார்கள். சேது பதினொரு மணி நேரம் தூங்கி எழுந்தான். கண்ணாடியில் பார்த்தபோது மாப்பிள்ளை மாதிரி இருந்தான். விரல்கள் துறுதுறு என்றன.

ஞாயிற்றுக்கிழமை கோலா குபு பாரு மண்டபம் நிறைந்திருந்தது. இவர்களுடையது ஆறாவது குழு. மேடை ஓரத்தில் அம்சவள்ளி பிடிலோடு முன்னால் உட்கார்ந்தாள். அரை அடி பின்னால், அவள் இடப்பக்கம் சேது. நீலப் புடவையில் எட்டுப் பேரும் வட்டமாக நின்றார்கள். அம்சவள்ளி வில்லை வைத்தாள்.

முதல் சுற்று நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் எவ்வளவு கூட்டம், எத்தனை விளக்கு! சேதுவின் கைக்கு மூன்று வாரமாக இல்லாத உயிர் வந்திருந்தது. இடக்கை நகர்ந்தது. ஒரே ஒரு சுரம் என்றுதான் நினைத்தான். அது தனியாக நிற்பது நன்றாயில்லை என்று இன்னும் மூன்று போட்டான். சுற்றின் கடைசியில் பிடில் நீண்டது. அந்த இடம் அவனைப் பார்த்து வா வா என்றது. கொட்டிவிட்டான். மூன்று பேர் முந்தித் திரும்பினார்கள். கோலும் கோலும் படாமல் காற்றில் போயின. நவமணி ஆடிக்கொண்டே அவனைப் பார்த்த பார்வையில் சங்கிலி தெரிந்தது.

இரண்டாவது சுற்றிலும் அதுவே. நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, கை கேட்கவில்லை. இந்த மூன்று வாரமும் வாசித்தது தான் இல்லை, தன் தூக்கம்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அம்சவள்ளி இன்னும் அழுத்தி வாசிப்பாள், தன் சத்தத்தை மேலே தூக்குவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் தூக்கவில்லை. வில் இளகிக்கொண்டே வந்தது. மெட்டின் ஓரங்கள் தேய்ந்தன. அந்த இளகல் அவனுக்குத் தெரிந்தது. எங்கே என்றால், வீட்டில். அவள் ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள், அவன் நடுவில் புகுந்து வேறொன்றைச் சொல்வான், அவள் குரல் இப்படித்தான் இறங்கி, வாக்கியத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அந்தப் பாதி வாக்கியங்களின் மீதி என்ன என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

சேது இரண்டு கையையும் தூக்கி முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

சபைக்கு அது தெரிந்தது. யாரோ, "பாஞ்சோ கம்பி அறுந்துபோச்சு போல," என்றார். ஒரு முழுச் சுற்றுக்குப் பிடிலும் கோல்களும் மட்டும்தான். அவன் கேட்டான். ஒரு அடி, இரண்டு அடி, கீழே இறங்கி ஏறுகிற அந்த இடம், பிறகு நீட்டல். நீட்டல் காலியாக இல்லை. அதற்குள் வில் லேசாக நடுங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. எட்டுப் புடவைகளும் அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பின. இதன்மேலா இத்தனை நாள் கொட்டினோம் என்று அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

நாலாவது சுற்றில் வலக்கையை மட்டும் கம்பிமேல் வைத்தான். ‘ட்டக்.’ அமுக்கினான். ‘ட்டக்.’ இடக்கை முழங்கால்மேல் துடித்தது. முழங்காலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு நீட்டலிலும் பல்லைக் கடித்தான். தூக்கத்தில் தானாக வந்த அதே ‘ட்டக்’, விழித்திருக்கும்போது ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. பிடில் நிமிர்ந்தது. ஐந்தாவது சுற்றில் கடைசி வரிசை வரைக்கும் அது போனதை, அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் தலை அசைவில் பார்த்தான். ஆறாவது சுற்று முடிந்து கோல்கள் ஒன்றாகத் தட்டி நின்றபோது சேதுவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பத்து நடை லோரி எவ்வளவோ மேல்.

பரிசு வரவில்லை. முதல் இரண்டு சுற்றின் அலங்கோலத்தை நடுவர்கள் மறக்கத் தயாராயில்லை. ஆனால் பரிசு கொடுத்து முடித்த பிறகு இரண்டு தோட்டத்துக்காரர்கள் வந்து, "பிடில் வாசிச்ச அக்கா யாரு?" என்று தேடினார்கள். பாஞ்சோக்காரரை யாரும் தேடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து தூங்கினார்கள். நாளைக்கு வேலை. நவமணி மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, "அடுத்த தடவ நாட்டுக்கோழி கெடையாது அண்ணே. நேரா காட்டுலேருந்து மேடைக்குத்தான்," என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள்.

அம்சவள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "நாலாவது சுத்துல கொஞ்சம் முந்துனீங்க," என்றாள்.

சேதுவின் வாயில் பதில் தயாராக இருந்தது. விளக்கு, கூட்டம், மேடைப் பலகை ஆட்டம் என்று நாலைந்து காரணங்கள். கண் செருகியது. அவன் பேசவில்லை.

"பொங்கலுக்கு அந்த ரெண்டு தோட்டத்துக்காரங்களும் கும்மிக்குக் கூப்புடுறாங்க. கும்மி மெட்டு வேற. அதுல நீட்டல் வரியோட நடுவுலயே வரும். எங்க அப்பா அதை வாசிக்கிறப்ப..." அவள் நிறுத்தினாள். பழக்கம். அவன் புகுந்துவிடுவான் என்று காத்திருந்தாள். அவன் புகவில்லை என்றதும் திரும்பிப் பார்த்தாள். "என்னா, தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

"பின்ன ஏன் பேசாம இருக்கீங்க?"

"நீ சொல்லி முடிச்சிட்டியான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"இன்னும் முடிக்கல," என்றாள் அம்சவள்ளி. கும்மி மெட்டை, அப்பாவை, அப்பா வில் பிடிக்கிற விதத்தை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் பத்தாங் பெர்ஜுந்தை ஊரைத் தாண்டியும் முடியவில்லை. சேது தொடையைக் கிள்ளிக் கிள்ளிக் கண்ணைத் திறந்து வைத்திருந்தான்.